கிம்பலைக் கவிழ்த்துப் பிடிங்க... ஆம்பூர் ஷூவின் நிஜ அழகு அப்பதான் தெரியும்!

ஆம்பூர் என்றதும் பிரியாணிதான் ஞாபகம் வரும். ஆனால், ஊருக்குச் சோறு போடுவது தோலும் ஷூவும். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இந்தத் தோல் பகுதியில் தயாராகும் ஷூக்கள் ஐரோப்பா, அமெரிக்கா வரை போகின்றன. இன்று ஒரு ஷூவைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன்பே போன் திரையில் பார்த்துவிடுகிறோம். அந்த வீடியோவைப் பெரும்பாலும் நின்றபடி, நெஞ்சு உயரத்தில் இருந்து எடுக்கிறார்கள். என்ன தெரியும்? ஷூவின் மேல்பகுதியும் லேஸும்தான். சோலின் ஓரத்தில் ஓடும் தையல், குதிகாலின் வளைவு எல்லாம் மறைந்துபோகும். தொழிலாளியின் கைத்திறன் இருப்பதே அங்கேதான்!

பிரியாணிக்கு அண்டாவின் மேலிருந்து கேமரா வைக்கலாம். ஷூவுக்குத் தரையில் இருந்துதான் வைக்க வேண்டும். அதற்குக் குனிந்து குனிந்து இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கையில் இருக்கும் கிம்பலைத் தலைகீழாகப் பிடித்தால் போதும். கைப்பிடி மேலே, கேமரா கீழே. தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி!

இது புது வித்தை ஒன்றும் இல்லை. மோட்டார் கிம்பல் வருவதற்கு வெகுகாலம் முன்பு, 1970-களில் ஸ்டெடிகேமை உருவாக்கியவர் அமெரிக்காவின் காரெட் பிரவுன். அவரே கேமரா பிடித்த படம், ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1980-ல் வெளியான 'தி ஷைனிங்'. ஆளில்லாத ஹோட்டல் தாழ்வாரத்தில் ஒரு சிறுவன் மூன்று சக்கர சைக்கிளை மிதித்துப் போவான். கேமரா தரையை ஒட்டியபடி அவன் பின்னாலேயே போகும். அதற்காகக் கேமராவைக் கீழே தொங்கவிட்டு, பிரவுன் ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தார். அதே காட்சியை நெஞ்சு உயரத்தில் எடுத்திருந்தால், ஒரு பையன் சைக்கிள் ஓட்டுகிறான், அவ்வளவுதான். கீழே இறங்கியதும் தரை சர்ரென்று ஓடுகிறது, சுவர்கள் உயர்ந்து நிற்கின்றன, நமக்கும் பயம் தொற்றிக்கொள்கிறது. உங்கள் வீட்டுக் குட்டி சைக்கிள் ஓட்டும்போதும் இப்படி எடுத்துப் பாருங்கள். பயம் வராது, வேகம் வரும்.

கவிழ்த்தால் படமும் கவிழாதா? கிம்பலுக்குள் இருக்கும் சென்சார்கள் பூமி எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு நொடியும் அளந்துகொண்டே இருக்கும். மூன்று மோட்டார்கள் அதற்கேற்ப கேமராவைச் சமன் செய்யும். ஆனால், பல மாடல்களில் மோட்டார்கள் சுற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. தவறான பக்கம் புரட்டினால் எல்லையில் போய் முட்டி 'கிர்ர்' என்று அதிரும். உடனே வந்த வழியே திருப்பிவிடுங்கள். மெதுவாக, ஒரே வீச்சில் புரட்டுவதுதான் சரி. சில மாடல்களில் ஜாய்ஸ்டிக்கின் திசையும் மாறிப்போகும், பதறவேண்டாம்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம். ரெக்கார்ட் பட்டனைத் தொடும் நொடியில் போன் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறதோ, அதுவே வீடியோவின் மேல்பக்கம். சில கிம்பல்களில் போனும் சேர்ந்து புரண்டுவிடும். அதனால் முதலில் கவிழ்த்துக்கொண்டு, பிறகு ரெக்கார்டிங்கைத் தொடங்குங்கள். கேமராவில் தலைகீழாகவே பதிவாகிவிட்டாலும் எடிட்டிங்கில் 180 டிகிரி திருப்பினால் தீர்ந்தது.

இன்னொன்று, நடை. சாய்வு, சுழற்சி, திருப்பம் ஆகியவற்றைத்தான் கிம்பல் சரிசெய்யும். நீங்கள் நடக்கும்போது ஏறி இறங்கும் ஆட்டம் அப்படியே பதிவாகும். முட்டியை லேசாக மடக்கிப் பூனை மாதிரி நடக்க வேண்டும். தொங்கும் கை கொஞ்சம் ஸ்பிரிங் வேலையும் பார்க்கும். கனமான கேமரா என்றால் இரண்டு கையாலும் பிடியுங்கள்.

நேராகப் பிடிக்கும்போது கேமரா தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கவிழ்த்தால் மொத்த எடையும் அந்தத் தட்டின் பூட்டிலும் ஒற்றை ஸ்குருவிலும் தொங்குகிறது. ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் போன் கிம்பல் என்றால், மேசைக் காலில் இடித்தாலே போன் கழன்று விழலாம்.

தோல் பதனிடும் தொழிற்சாலைக்குள் எடுக்கப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தரை ஈரமாக இருக்கும், ரசாயனமும் கலந்திருக்கும். பிரமாண்ட மர டிரம்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். கழுத்தில் ஸ்ட்ராப் மாட்டிக்கொண்டு அவற்றின் பக்கம் போகவே கூடாது. கீழே இருக்கும் திரையைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பது அங்கே சரிப்படாது. தோளைப் பிடித்து வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும்.

ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின்கள் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களே அதிகம். தரை மட்டத்தில் ஒரு கேமரா நகர்ந்து வந்தால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும், அதில் தப்பே இல்லை. கல்யாண வீட்டிலும் இதே கதைதான். மெட்டியும் கொலுசும் அழகு என்று மணப்பெண்ணின் பின்னால் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு போவதற்கு முன், எதை எடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, எடுத்ததைத் திரையில் காட்டிவிடுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். ஷூவின் லைனில் என்றால், மேசை மேல் ஷூவை வைத்தோ, ஒருவரை நடக்கச் சொல்லி அவர் காலை மட்டும் எடுத்தோ வேலையை முடித்துக்கொள்ளலாம்.

முதல் நாளே கம்பெனிக்குப் போகாமல், வீட்டு வராந்தாவில் உங்கள் செருப்பையே வைத்துப் பத்து முறை சுற்றி வந்து பழகுங்கள்.