அசுரனைக் காட்டிக்கொடுப்பது நிறமா, நடையா?

பூஜை நாட்களில் கரியாஹாட் சந்திப்பில் கால் வைக்க இடமிராது என்பதை நம்மவர்கள் நன்கறிவர். 1943-இல் தொடங்கிய ஏக்தாலியா எவர்கிரீன் பூஜைப் பந்தலுக்கு அப்பாவின் தோளில் ஏறி வரும் குழந்தைகூட, தேவி யார், அசுரன் யார் என்று யாரும் சொல்லாமலே கண்டுகொள்கிறது. தேவியின் கண்கள் நீண்டவை. போர்க்களத்திலும் முகத்தில் சாந்தம். அசுரனுக்கோ முறுக்கேறிய தசை, நெரித்த புருவம். அவள் நிமிர்ந்து நிற்கிறாள். அவன் சரிந்து திமிறுகிறான்.

கார்ட்டூன் படங்களின் இலக்கணமும் இதுவே. நல்லவர்களுக்கு வட்ட முகம், பெரிய கண்கள். தீயவர்களுக்குக் கூரிய கோணங்கள். 1959-இல் வெளிவந்த டிஸ்னியின் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் சூனியக்காரியின் தலையில் கொம்புகள், அங்கியில் கூரான முனைகள். நல்ல தேவதைகள் மூவரும் குட்டையாய், உருண்டையாய்ச் சுறுசுறுப்பாக ஓடியாட, அவளோ அதிகம் அசையாமலே அச்சுறுத்துகிறாள்.

வேகத்தில் ஒரு வித்தை

திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஓர் அசைவுக்கு நிறையப் படங்கள் வரைந்தால் அது நிதானமாகத் தெரியும். குறைத்தால் வெடுக்கென்று தெரியும். சத்யஜித் ராய் 1969-இல் எடுத்த ‘கூப்பி கைன் பாகா பைன்’ கார்ட்டூன் அல்லவெனினும், அதன் பூத நடனம் இதற்கு நல்ல சான்று. வெள்ளைக்காரப் பூதங்களை மட்டும் வினாடிக்கு 16 படங்கள் வீதம் எடுத்தார். திரையில் அவை சாவி கொடுத்த பொம்மைபோல் வெட்டி வெட்டி ஆடின. அந்நடனத்துக்கு ஒலித்தவை நம் மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங் என்பது நமக்குப் பெருமை அன்றோ!

அதே படத்தில் நல்ல அரசன், பொல்லாத அரசன் இருவராகவும் நடித்தவர் சந்தோஷ் தத்தா ஒருவரே. முகம் ஒன்றாயிருந்தும் உடையும் குரலும் நடையும் ஆளைப் பிரித்துக் காட்டின. புருலியா சௌ நடனத்திலோ முகமூடியில் முகம் அசையாது. ஆகவே தேவர் நடை வேறு, ராட்சசர் நடை வேறு என்று வகுத்து வைத்துள்ளனர்.

கறுப்பு கெட்டதா?

உருவமும் நடையும் போதாவென்று சிலர் நிறத்தையும் சேர்த்துக்கொள்வதுதான் சங்கடம். 2008 முதல் தொலைக்காட்சியில் வந்த ‘சோட்டா பீம்’ தொடரில், நாயகனை வம்புக்கிழுக்கும் முரட்டுப் பையனின் பெயர் காலியா. இந்தியில் கறுப்பன் என்று பொருள்படும் பெயர். பள்ளியில் நம் குழந்தையை ஒருவன் அப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது விளையாட்டோடு போய்விடுமா?

கரியாஹாட்டிலிருந்து சற்று தூரத்தில்தான் காளிகாட். அங்கே வங்காளமே ‘அம்மா’ என்று விழுந்து வணங்கும் தேவி கரியவள். நம் கண்ணனும் கரியவன், ராமனும் மேகவண்ணன். கறுப்பைத் தீமையின் அடையாளமாக நம் முன்னோர் வைக்கவில்லை.

ஆகவே பெற்றோர் ஒன்று செய்யலாம். குழந்தையோடு கார்ட்டூன் பார்க்கையில், “இவன் கெட்டவன் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேளுங்கள். புருவம், நடை, செய்த காரியம் என்று பதில் வந்தால் கவலையில்லை. “கறுப்பாயிருக்கிறானே” என்று வந்தால், படத்தைச் சற்று நிறுத்திவிட்டுப் பேச வேண்டிய நேரம் அது.