டாக்டர் இன்னும் படிக்கிறார்!

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு ஜாதகம் வாங்க வந்த பெரியவர், "பையன் என்ன பண்றாரு?" என்றார். "படிக்கிறாங்க" என்றார் அக்கா. "வயசு?" "27." பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 'எத்தனை பேப்பர் பாக்கி?' என்று கேட்காத குறை!

நான்தான் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம். ஆச்சா ஐந்தரை? எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று. எட்டரை. இருதயம், நரம்பு, சிறுநீரகம் என்று ஒன்றைக் கட்டிக்கொண்டு அழணும்னா டி.எம். அல்லது எம்.சிஹெச். இன்னும் மூன்று. மொத்தம் பதினொன்றரை! ஒவ்வொரு படிக்கும் ஒரு நுழைவுத் தேர்வு. அதில் கோட்டை விடும் வருஷங்கள் தனிக் கணக்கு.

குறைக்கக் கூடாதா? ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத் திணறி வரும் பாட்டிக்கு ஆஸ்துமாவா, இருதயமா என்று கண்டுபிடிக்கிற கண், கைடு படித்து வராது. வார்டிலேயே கிடக்கணும். போன தீபாவளிக்கு வந்த அக்கா மகன் சாப்பிட உட்கார்ந்து, இலை முன்னாலேயே தூங்கிவிட்டான். ஒரு காலத்தில் டி.ஜி.ஓ., டி.சி.ஹெச். என்று இரண்டு வருஷ டிப்ளமா போர்டுகள் தெருவுக்குத் தெரு தொங்கும். அந்த இடங்களில் பெரும்பாலானவை இப்போது மூன்று வருஷப் பட்டங்களாகிவிட்டன.

வருஷத்தையாவது பொறுத்துக்கலாம், பணம்? சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கியது ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. 2013-ல் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டது. கட்டணம் மட்டும் இறங்கவே இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வருஷம் 5 லட்சத்துக்கு மேல். மற்ற அரசுக் கல்லூரிகளில் 13,610 ரூபாய்! பண்ருட்டி முந்திரிக்காட்டில் கூலிக்குப் போகிறவர் எதை விற்றுக் கட்டுவார்? 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பி.ஜி. டாக்டர்களும்தான். 50 நாளுக்கு மேல் நகரவில்லை. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறையின் கைக்கு வந்தது. கட்டணமும் மற்ற அரசுக் கல்லூரிகளுக்குச் சமமானது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

இப்போது அது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. பெயரை நம்பிக் கடலூரில் இறங்கிவிடாதீர்கள் சார்... சிதம்பரத்துக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகணும்!