துங்கபத்திரை காட்டிய நல்வழி

குரு பகவான் ஒவ்வோர் ஆண்டும் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் பெயர்ச்சியாகிறார். அவ்வாறு அவர் பெயரும்போது, அந்த ராசிக்குரிய நதியில் புஷ்கரம் எனும் புனித விழா நிகழ்கிறது. மேஷத்திற்குக் கங்கை, சிம்மத்திற்குக் கோதாவரி, கன்னிக்குக் கிருஷ்ணை, துலாமிற்குக் காவிரி என்று பன்னிரண்டு ராசிகளுக்கும் பன்னிரண்டு நதிகள் வகுக்கப்பட்டுள்ளன. மகர ராசிக்குரிய நதி துங்கபத்திரை.

துந்திலர் என்னும் அந்தணர் சிவபெருமானை நோக்கித் தவமியற்றி, இறைவனுடைய அஷ்ட மூர்த்தங்களுள் ஒன்றாகிய நீர் வடிவில் கலக்கும் பேறு பெற்றார். தீர்த்தங்கள் அனைத்திற்கும் அதிபதியாகிய அவரே புஷ்கரர் எனப்பட்டார். பிரம்மதேவர் தம் படைப்புத் தொழிலுக்காக அவரை வேண்டிப் பெற்றார். பின்னர் குரு பகவானின் பிரார்த்தனைக்கு இணங்கி, குரு எந்த ராசியில் சஞ்சரிக்கிறாரோ அந்த ராசிக்குரிய நதியில் தாமும் உடனுறைவதாகப் புஷ்கரர் வாக்களித்தார் என்பது புராண வரலாறு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வராக பர்வதத்தில் துங்கை, பத்திரை என இரு நதிகளாகத் தோன்றி, ஷிமோகாவை அடுத்த கூடலியில் ஒன்றாகிறாள் துங்கபத்திரை. வராக மூர்த்தியின் இரு தந்தங்களிலிருந்து இவ்விரு நதிகளும் பெருகின என்பர். ஹரிஹரம், விருபாக்ஷர் கோயில் கொண்ட ஹம்பி, மந்திராலயம், கர்னூல் ஆகிய தலங்களைத் தழுவிச் சென்று, ஜோகுளாம்பாள் அருள்புரியும் ஆலம்பூருக்கு அப்பால் கிருஷ்ணையுடன் அவள் சங்கமமாகிறாள். மந்திராலயத்தில் 1671-ஆம் ஆண்டு பிருந்தாவனப் பிரவேசம் செய்த ஸ்ரீராகவேந்திர சுவாமிகள் தமிழகத்துப் புவனகிரியில் அவதரித்தவர்; கும்பகோணத்தில் ஸ்ரீசுதீந்திர தீர்த்தரிடம் கல்வி பயின்றவர். ஆகவே துங்கபத்திரைக் கரை தமிழகத்து அன்பர்களுக்கும் உறவுடையதே.

காத்திருந்தவர்களின் கலக்கம்

2020-ஆம் ஆண்டு நவம்பர் 20 முதல் டிசம்பர் 1 வரை துங்கபத்திரை புஷ்கரம் அமைந்தது. உலகமே கொரோனா பெருந்தொற்றின் பிடியில் இருந்த காலம் அது. தடுப்பூசி இன்னும் மக்களின் கைக்கு வந்திருக்கவில்லை. இந்நோயால் பெரிதும் அல்லலுற்றவர்கள் முதியவர்களே. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உடையவர்களுக்கு அபாயம் இன்னும் மிகுதி.

புஷ்கரம் ஒரு நதிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வருவது. எழுபத்தைந்து வயதை எட்டிய ஒருவர், ‘இதை விட்டால் அடுத்த புஷ்கரத்தைக் காணும் பாக்கியம் எனக்கு உண்டோ?’ என்று ஏங்கியதில் வியப்பில்லை. மறைந்த பெற்றோருக்கு அந்நதிக்கரையில் பிண்டம் இடவேண்டும் என்ற கடமையுணர்வும் பலரைப் பிடித்து உந்தியது. மறுபுறம் பிள்ளைகளோ, “போக வேண்டாம் அப்பா” என்று கைகூப்பி நின்றனர். பக்திக்கும் பாதுகாப்புக்கும் இடையே எத்தனையோ இல்லங்கள் தவித்த நாட்கள் அவை.

படித்துறையில் நிகழ்ந்தவை

அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்திலேயே மத்திய சுகாதார அமைச்சகம் வழிபாட்டுத் தலங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டிருந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், நாட்பட்ட நோயுடையவர்கள், கருவுற்ற மகளிர், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் இல்லத்திலேயே இருக்குமாறு அது அறிவுறுத்தியது. ஆறடி இடைவெளி விட்டு நிற்க வேண்டும், விக்கிரகங்களைத் தொடலாகாது, பிரசாதம் வழங்குவதும் தீர்த்தம் தெளிப்பதும் கூடாது என்றும் கூறியது. கூட்டாகப் பாடுவதைத் தவிர்த்து, பதிவு செய்த பக்திப் பாடல்களை ஒலிக்கச் செய்யலாம் என்றது.

இந்த எச்சரிக்கையுணர்வோடுதான் புஷ்கரமும் நடைபெற்றது. ஆந்திர மாநிலத்தில் நதியில் இறங்கி மூழ்குவதற்குப் பதிலாக, படித்துறைகளில் தூவாலைக் குழாய்கள் அமைக்கப்பட்டு, நீர்த்தூவலில் நீராட ஏற்பாடு செய்யப்பட்டது. பிண்டப் பிரதானம் செய்ய விரும்பியோர் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு, குறித்த நேரத்தில் வரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். தெலங்கானாவில் ஆலம்பூர் முதலிய படித்துறைகளில் உடல் வெப்பம் பரிசோதிக்கப்பட்டது.

‘புஷ்கரத்தில் மூழ்காமல் குழாய் நீரில் நனைவதா?’ என்ற மனக்குறை பலருக்கு எழுந்தது. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் முந்தைய கோதாவரி புஷ்கரத்தை எண்ணிப் பார்ப்போருக்கு இக்கட்டுப்பாட்டின் அருமை விளங்கும். 2015-ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, விழாவின் முதல் நாளிலேயே, ராஜமகேந்திரவரம் படித்துறையில் ஏற்பட்ட நெரிசலில் இருபத்தேழு பேர் உயிரிழந்தனர். தொற்று நோய் இல்லாத காலத்திலேயே நேர்ந்த துயரம் அது.

ஆபத்து ஆற்றிலா, வழியிலா?

இந்நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே பரவுவது. நோயுற்றவர் பேசும்போதும், பாடும்போதும், இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகளே அதனைச் சுமந்து செல்கின்றன. காற்று தாராளமாக வீசும் திறந்த வெளியில் அவை விரைவில் சிதறிவிடும். அடைபட்ட இடத்திலோ நெடுநேரம் தங்கி நிற்கும்.

ஆகவே கூட்டமில்லாத நதிக்கரையில் இடைவெளி விட்டு நீராடுவதைக் காட்டிலும், அந்நதியை அடைவதற்கு மேற்கொள்ளும் பயணமே ஆபத்து மிகுந்தது. சாளரங்களை அடைத்துக் குளிர்பதனம் செய்த பேருந்தில் நாற்பது பேர் இரவெல்லாம் அமர்ந்து செல்வது, சத்திரத்தின் ஒரே அறையில் எண்மர் படுத்துறங்குவது, நெருங்கி அமர்ந்து பந்தியில் உண்பது, உடை மாற்றும் சிறு கொட்டகையில் நெருக்கியடித்து நிற்பது ஆகியவையே தொற்றுக்கு வாசல் திறப்பவை. அரை நாழிகை நீராடலுக்காக ஐந்து நாட்கள் ஒன்றாகவே இருக்கும் யாத்திரைக் குழுவினர் இதனை முதலில் உணர்தல் வேண்டும்.

குழுவாகச் செல்வோருக்கு

கொரோனாவின் கடுமை இன்று தணிந்துவிட்டது. எனினும் நோய்க்காலங்கள் மீண்டும் வாராதிருக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. அத்தகைய காலத்தில் நதி யாத்திரை மேற்கொள்ள நேர்ந்தால், குழுவை நடத்துவோரும் உடன் செல்வோரும் கருத்தில் கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, குழு சிறியதாக இருத்தல். ஒரே இல்லத்தார் அல்லது நெருங்கிய இரண்டு மூன்று குடும்பத்தார் தனி வாகனத்தில் செல்வது உத்தமம். பேருந்தாயின் பாதி இருக்கைகளை மட்டுமே நிரப்பி, சாளரங்களைத் திறந்து வைத்து, முகக்கவசம் அணிந்து செல்லலாம். முதல் நாள் அமர்ந்த இடத்திலேயே இறுதி வரை அமர்வது நன்று.

இரண்டாவது, நேரத்தைத் தேர்ந்தெடுத்தல். விழாவின் முதல் நாள், அமாவாசை, பௌர்ணமி, விடுமுறை நாட்கள் ஆகியவற்றில் கூட்டம் பெருகும். இடைப்பட்ட வார நாட்களில் சென்றால் படித்துறையில் அமைதியாகச் சங்கல்பம் செய்துகொள்ள இயலும்.

மூன்றாவது, அவரவர் பொருளை அவரவரே கொண்டு செல்லுதல். ஆசமனத்திற்குச் செம்பு, பருகுவதற்கு நீர், மாற்று வஸ்திரம், துண்டு ஆகியவை தனித்தனியே இருத்தல் வேண்டும். நனைந்த முகக்கவசம் பயன்படாது. நீராடிய பின் அணிய உலர்ந்த ஒன்று கைவசம் இருக்கட்டும். புளியோதரை, தயிர்சாதம் போன்றவற்றைத் தனித்தனிப் பொட்டலங்களாகக் கட்டிச் சென்று, மர நிழலில் இடைவெளி விட்டு அமர்ந்து உண்ணலாம். நதியில் உமிழ்வதும் மூக்குச் சிந்துவதும் சாஸ்திரங்கள் என்றோ விலக்கியவை.

நான்காவது, பஜனை. பேருந்தில் உரத்த குரலில் நாமசங்கீர்த்தனம் செய்தபடி செல்வது யாத்திரைக் குழுக்களின் இனிய வழக்கம். நோய்க்காலத்தில் அதனைத் திறந்த வெளிக்கு ஒத்திவைக்க வேண்டும். வாய்விட்டுச் செய்யும் ஜபத்தைவிட, உதடு மட்டும் அசையச் செய்யும் உபாம்சுவும், அதனினும் மனத்துக்குள் செய்யும் மானஸ ஜபமும் உயர்ந்தவை என்று ஆன்றோர் வகுத்திருப்பதை அப்போது நினைவில் கொள்ளலாம்.

ஐந்தாவது எல்லாவற்றினும் முக்கியமானது. புறப்படும் நாளில் ஒருவருக்கு இலேசான காய்ச்சல் அல்லது தொண்டை வலி காணலாம். ‘சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களே, கட்டிய பணமும் போய்விடுமே’ என்று அஞ்சி அவர் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறிக்கொண்டால், குழுவில் உள்ள அத்தனை முதியவர்களுக்கும் அது தீங்காக முடியலாம். எனவே உடல்நலமின்றி விலகுவோருக்குப் பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்பதைக் குழுத் தலைவர் முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். இழப்பு இல்லையெனில் மறைப்பதற்கும் காரணமில்லை. உடன் வந்தோர் அனைவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு குறிப்பேட்டில் இருக்கட்டும். கொரோனாவின் அறிகுறிகள் வெளிப்படப் பதினான்கு நாட்கள் வரை ஆகலாம் என்று மருத்துவர்கள் கூறினர். ஊர் திரும்பிய பின் ஒருவர் நோயுற்றால் மற்றவர்களுக்கு உடனே தெரிவிக்க அக்குறிப்பேடு உதவும். நோயுறுவது குற்றமன்று; மறைப்பதே குற்றம்.

செல்ல இயலாதவருக்குச் சாஸ்திரம் தரும் ஆறுதல்

முதியவர்களும் நோயாளிகளும் தீர்த்தத்திற்குச் செல்ல இயலாது போகும் என்பதைத் தர்மசாஸ்திரம் அறியாததன்று. ஸ்நானத்தை அது ஏழு வகையாகப் பகுக்கிறது. மந்திரம் கூறி நீரைப் புரோட்சித்துக்கொள்வது மாந்திரம். புனித மண்ணைப் பூசிக்கொள்வது பௌமம். விபூதி தரிப்பது ஆக்னேயம். பசுக்களின் குளம்படித் தூசி மேலே படிவது வாயவ்யம். வெயிலுடன் கூடிய மழையில் நனைவது திவ்யம். நீரில் மூழ்குவது வாருணம். திருமாலை மனத்தால் தியானிப்பது மானஸம். இவ்வேழனுள் நதியில் மூழ்குவது ஒன்றே ஒன்று என்பது கருதத்தக்கது. தலைக்கு நீர் ஊற்றிக்கொள்ள இயலாதவர்கள் கழுத்துவரை நீராடவும், அதுவும் இயலாதவர்கள் ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு.

தாய், தந்தை, குரு முதலியோரை உத்தேசித்து ஒருவர் தீர்த்தத்தில் மூழ்கினால், அப்புண்ணியத்தில் ஒரு பங்கு அவர்களைச் சேரும் என்றும் நூல்கள் கூறுகின்றன. நலமுடன் இருக்கும் மகனோ மகளோ சென்று, பெரியவர்களின் பெயரைச் சொல்லி மூழ்கி, ஒரு செம்பில் தீர்த்தம் கொண்டு வந்தால், இல்லத்தில் இருப்பவருக்கும் நதி வந்ததாகவே கொள்ளலாம்.

அன்றியும், பன்னிரண்டு நாட்களோடு புஷ்கரரின் சாந்நித்தியம் மறைந்துவிடுவதில்லை. குரு அந்த ராசியில் இருக்கும் இறுதிப் பன்னிரண்டு நாட்கள் அந்திய புஷ்கரமாகும். இடைப்பட்ட காலம் முழுவதும் நண்பகலில் இரண்டு முகூர்த்த காலம் புஷ்கரர் அந்நதியில் உறைகிறார் என்பது ஐதிகம். கூட்டம் வடிந்த பின், நோயும் தணிந்த பின், ஒரு நண்பகலில் அமைதியாகச் சென்று நீராடுவோருக்கும் அருள் உண்டு.

ஹரித்வாரத்தில் கண்ட முன்மாதிரி

2021-ஆம் ஆண்டு ஹரித்வாரத்தில் கும்பமேளா நடைபெற்றது. மாதக்கணக்கில் நிகழும் அப்பெருவிழா, நோய்க்காலத்தை முன்னிட்டு ஏப்ரல் மாதம் ஒன்றுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. பரிசோதனைச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் ஏப்ரல் 12, 14 ஆகிய நாட்களின் ராஜ ஸ்நானத்திற்கு இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அதே வாரங்களில் நாடெங்கும் இரண்டாம் அலை சீறி எழுந்தது. துறவியரும் பலர் நோயுற்றனர். ஏப்ரல் 17 அன்று, மேளாவை அடையாள அளவில் நடத்துமாறு பிரதமர் வேண்டுகோள் விடுத்தார். அன்றே பழம்பெருமை வாய்ந்த ஜூனா அகாடா, மேளா தங்களைப் பொறுத்தவரை நிறைவுற்றதாக அறிவித்தது. வாழ்நாளெல்லாம் தீர்த்தயாத்திரையையே விரதமாகக் கொண்ட துறவியரே மக்களின் உயிரை முன்னிட்டு ஒதுங்கிக்கொண்டனர் எனில், இல்லறத்தார் ஒதுங்குவதில் குறையென்ன இருக்கிறது?

தமிழகத்திலும் அவ்விரு ஆண்டுகளின் ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறைகள் பலவற்றில் மக்கள் கூடத் தடை இருந்தது. சுமங்கலிகள் இல்லத்துக் குடத்து நீரிலேயே காவிரி அன்னையை ஆவாகனம் செய்து, மஞ்சள் சரடு வைத்து வழிபட்டனர். அன்னை அக்குடத்துக்குள் எழுந்தருள மறுத்திருப்பாளா?

2027-ஆம் ஆண்டு கோதாவரியிலும், 2028-இல் கிருஷ்ணையிலும், 2029-இல் காவிரியிலும் புஷ்கரம் அமையவிருக்கிறது. நோயற்ற நன்னாட்களாக அவை விளங்க வேண்டும் என்பதே அனைவரின் பிரார்த்தனை. அன்று படித்துறையில் இறங்கும் ஒவ்வொருவரும் தமக்கு முன்னும் பின்னும் நிற்பவரின் உயிரையும் தம் உயிராகக் கருதி நடந்தால், அதுவே நதியன்னைக்குச் செலுத்தும் முதல் அர்க்கியம். அத்தகையோரை அவள் நீண்ட ஆயுளும் நிறைந்த ஆரோக்கியமும் தந்து காத்தருள்வாள்.