சுருக்கெழுத்துப் பொறியில் ஒரு னகரம்

தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கு மூன்று னகரங்களும் நன்கு அறிமுகமானவை. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று ஆசிரியர்கள் பெயர் சொல்லியே வேறுபடுத்திக் காட்டுவார்கள். இவற்றுள் தந்நகரம் சொல்லின் முதலில் வரும். றன்னகரம் முதலில் வராது; இறுதியில் வரும். ‘நான்’ என்ற சின்னஞ்சிறு சொல்லிலேயே இரண்டையும் காணலாம். இலக்கணப்படி இவை வெவ்வேறு ஒலிகள். ஆனால், இன்றைய பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. இடம் பார்த்து எழுத்தை மாற்றும் இந்தப் பழக்கம் நமக்கு இருப்பதால், ஆங்கிலச் சுருக்கெழுத்துப் பொறியில் ‘என்’ என்ற எழுத்தின் ஒலியைக் கற்பது நமக்கு எளிதாகவே இருக்கும்.

பொறியின் அமைப்பு

சுருக்கெழுத்து என்றதும் பலருக்கு 1837இல் வெளிவந்த பிட்மன் முறையே நினைவுக்கு வரும். அது பேனாவால் எழுதுவது. பொறிச் சுருக்கெழுத்து வேறு. அமெரிக்க நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான வார்ட் ஸ்டோன் அயர்லண்ட் 1910களில் உருவாக்கிய விசை அமைப்பே அதற்கு இன்றும் அடிப்படை. எழுத்து விசைகள் 21, விண்மீன் விசை ஒன்று, எண் பட்டை ஒன்று, அவ்வளவுதான்.

தட்டச்சில் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறோம். இங்கே ஓர் அசை முழுவதையும் ஒரே அழுத்தில் பதிக்க வேண்டும். இடக்கை விரல்கள் அசையின் முதல் மெய்யையும், கட்டைவிரல்கள் உயிரையும், வலக்கை விரல்கள் இறுதி மெய்யையும் தரும். இடப்பக்கத்தில் மெய்யெழுத்து விசைகள் ஏழே ஏழு. மற்ற மெய்களைக் கூட்டி உருவாக்க வேண்டும். ‘என்’ ஒலிக்கு இரு பக்கத்திலும் தனி விசை கிடையாது.

முதல் னகரமும் இறுதி னகரமும்

அசையின் முதலில் வரும் னகரத்திற்கு இடக்கையின் மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் மேல் வரிசை விசைகளை ஒருசேர அழுத்த வேண்டும். இறுதியில் வரும் னகரத்திற்கு ஒரே விரல் போதும். வலக்கை நடுவிரலை மேல் விசைக்கும் கீழ் விசைக்கும் இடையிலுள்ள கோட்டில் வைத்து இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

ஒன்பதைக் குறிக்கும் ‘நைன்’ என்ற சொல்லில் இரண்டு னகரங்களும் உள்ளன. முதல் னகரத்திற்கு மூன்று விசை, ‘ஐ’ என்ற நெடிய உயிருக்கு நான்கு விசை, இறுதி னகரத்திற்கு இரண்டு விசை. கூட்டிப் பாருங்கள், சரியாக ஒன்பது!

விரல் தவறினால்...

மூன்று விரல்களும் சமமாக இறங்குவதே இதில் கடினம். மோதிரவிரல் பின்தங்கினால் ‘நைன்’ என்பது ‘மைன்’ ஆகிவிடும். ஆள்காட்டி விரல் தவறினால் ‘ஃபைன்’. நடுவிரல் தவறினால் ‘தைன்’. நான்குமே உண்மையான ஆங்கிலச் சொற்கள். ஆகவே, கணினியின் அகராதி இதைப் பிழையென்று காட்டாது.

இறுதி னகரத்திலும் இதே கதைதான். ‘முடியும்’ என்ற பொருள் தரும் ‘கேன்’ என்ற சொல்லில் மேல் விசை மட்டும் பதிந்தால் தொப்பி வரும்; கீழ் விசை மட்டும் பதிந்தால் வாடகைக் கார் வரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மறுப்பைச் சொல்லும் நோ, நாட், நெவர், நன் ஆகிய எல்லாமே இந்த ஒலியில்தான் தொடங்குகின்றன. ‘இல்லை’ என்னும் ‘நோ’வும் ‘அறிவேன்’ என்னும் ‘நோ’வும் காதுக்கு ஒன்றே. பரவலான ஒரு முறையில், வலக்கைக் கட்டைவிரல் தரும் ஒரே ஓர் உயிர் விசையே இரண்டையும் பிரிக்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்பவர் சொன்னது எதுவென்று பின்னர் பதிவேட்டைப் பார்ப்பவர், அந்த ஒரு விசையை நம்பித்தான் முடிவு செய்வார். விரிவுரை மண்டபத்தில் நேரடி எழுத்துரையைப் படித்துப் பாடம் கேட்கும் செவித்திறன் குறைந்த மாணவருக்கும் அதுவே நிலை.

நாமும் பழகலாம்

2010இல் வெளிவந்த ‘புளோவர்’ என்ற இலவச மென்பொருள், சாதாரணக் கணினி விசைப்பலகையையே சுருக்கெழுத்துப் பொறியாக மாற்றித் தருகிறது. அதில் டபிள்யூ, இ, ஆர் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் முதல் னகரம். ஐ, கே இரண்டையும் சேர்த்தால் இறுதி னகரம். பல விசைகளை ஒரே நேரத்தில் ஏற்கும் பலகையாக இருப்பது மட்டும் அவசியம்.

முதலில் வேகத்தை மறந்துவிடுங்கள். மூன்று விரல்களும் ஒரே ஓசையுடன் இறங்கும்வரை மெதுவாக அழுத்திப் பழகுங்கள். பிறகு நைன், மைன், ஃபைன் என்று மாற்றி மாற்றி அடியுங்கள். எழுத்துக்கூட்டலைப் பார்க்காமல் காதை நம்புங்கள். ‘நீ’ என்று ஒலிக்கும் முழங்காலுக்கான ஆங்கிலச் சொல்லில் முதலில் நிற்கும் ‘கே’ எழுத்துக்கு இங்கே வேலையில்லை.

அமெரிக்காவின் தேசிய நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் சங்கத் தேர்வில், சாட்சி விசாரணைப் பகுதிக்கு நிமிடத்திற்கு 225 சொற்கள், 95 விழுக்காடு துல்லியம் வேண்டும். அந்த உயரத்தை எட்டுபவரும் இந்த மூன்று விரல்களைச் சேர்த்து இறக்கித்தான் தொடங்கியிருப்பார். நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள்.