கப்பல் நின்ற ரோடு

சதுரங்கப்பட்டினம் என்ற அழகிய பெயரை முழுவதும் சொல்வதற்கு வெள்ளைக்காரரின் நாக்கு இடம் கொடுக்கவில்லை. 'சட்ராஸ்' என்று சுருக்கிக் கொண்டார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, டச்சுக்காரர் கட்டிய செங்கற்கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி சிதைந்து நிற்கிறது. உள்ளே சித்திர வேலைப்பாடு அமைந்த கல்லறைகள் இருக்கின்றன. மெல்லிய துணிகளை வாங்கிப் போக வந்தவர்கள், இங்கேயே தங்கிவிட்டார்கள்!

1782ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி இந்த ஊருக்கு எதிரே நடுக்கடலில் ஒரு பெரும் போர் நடந்தது. ஆங்கிலேயருக்குத் தளபதி ஹியூஸ். பிரெஞ்சுக்காரருக்குத் தளபதி சுப்ரேன். வெற்றி தோல்வி தெளிவாக ஏற்படவில்லை. இந்தப் போரைப் பற்றிய ஆங்கிலச் சரித்திரத்தைப் படிக்கும் மாணவன் ஓர் இடத்தில் திகைத்து நிற்பான். போருக்கு இரண்டொரு நாள் முன்னால், ஹியூஸின் கப்பல்கள் 'மெட்ராஸ் ரோட்ஸ்' என்ற இடத்தில் நின்றனவாம். சென்னை ரோடுகளில் கப்பல் நிற்குமா? மவுண்ட் ரோடில் டிராம் வண்டி ஓடியதுண்டு; போர்க்கப்பல் ஓடியதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை!

சவாரியும் சூறையும்

விஷயம் இதுதான். 'ரோடு' என்ற சொல், 'ரைட்' என்ற சொல்லின் உடன்பிறப்பு. ஆதியில் அதற்குக் குதிரைமேல் சவாரி செய்தல் என்று பொருள். ஆயுதத்தோடு கூட்டமாகச் சவாரி செய்து அயலான் எல்லைக்குள் புகுந்தால், அதுவும் 'ரோடு'. 1611ல் வெளியான ஆங்கில பைபிளில், எங்கே கொள்ளையிட்டு வந்தாய் என்று தாவீதை அரசன் கேட்கும் இடத்தில் இந்தச் சொல்லே வருகிறது. அத்துமீறி உள்ளே நுழைவதை 'இன்ரோடு' என்று இன்றும் சொல்கிறார்கள். போலீஸார் செய்யும் 'ரெய்டு' கூட இதே சொல்லின் ஸ்காட்லாந்து உருவந்தான்.

கப்பல் நங்கூரமிட்டு அலைமேல் ஏறி இறங்கி நிற்பதையும் மாலுமிகள் சவாரி என்றே கருதினார்கள். ஆகவே, கரைக்குச் சற்று எட்டக் கப்பல்கள் நிற்கும் திறந்த கடலுக்கு 'ரோடு' என்று பெயர் வந்தது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வர்த்தக'னில் கப்பல்கள் பத்திரமாக வந்து சேர்வது இந்த 'ரோடு'க்குத்தான். வண்டி போகும் பாதை என்ற பொருள் பின்னால் வந்தது. வந்த பிறகு மூத்த பொருள்களை மூலையில் தள்ளிவிட்டது.

இதைக் கண்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. நம்முடைய 'ஆறு' என்ன செய்கிறது? நீர் ஓடினாலும் ஆறு, மனிதர் நடந்தாலும் ஆறு. ஆற்றுப்படை என்றால் பரிசில் பெறுவதற்கு வழிகாட்டுதல் என்பதை அறியாதவன், பெரும்பாணாற்றுப்படையில் நதியைத் தேடிக் கொண்டிருப்பான். நீரில் இறங்கும் 'துறை'யோ, இன்று சர்க்கார் காரியாலயத்தின் பெயர்ப் பலகையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சொல் மறைத்த மனிதர்

வேடிக்கை இருக்கட்டும். 'மெட்ராஸ் ரோட்ஸ்' என்பதைச் 'சென்னைச் சாலைகள்' என்று மொழிபெயர்த்தால் போகிறது வெறும் சொல் மாத்திரமா? 'ரோடு' என்று எழுதியிருந்தால், அங்கே கப்பல் கரையை அணையத் துறைமுகம் இல்லை என்று அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை சென்னையின் நிலையும் அதுவே. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சீறி விழும் அலைகளை யார் கடந்தார்கள்? நம் கரையோர மக்கள் கடந்தார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும். ஆதலால், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அவர்கள் சென்றார்கள், கட்டுமரத்திலும் சென்றார்கள். துணி மூட்டையும் துரைமாரும் அவர்கள் தோள் வலியை நம்பியே கப்பலேறினர், கரையேறினர்.

ஹியூஸ், சுப்ரேன் பெயர்களைச் சரித்திரம் பொறித்து வைத்திருக்கிறது. துடுப்புப் போட்டவர்களின் பெயர்களை எழுதி வைப்பாரில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பழைய ஏடுகளில் 'ரோடு' என்ற ஒற்றைச் சொல் சாட்சி சொல்கிறது.

நம் கடற்கரையின் கதையில் பெரும்பகுதி அந்நிய பாஷைகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தமிழில் கொண்டுவர முனையும் இளைஞர்கள், இன்றைய அகராதிப் பொருளோடு திருப்தியடைந்துவிடலாகாது. அந்தச் சொல் அந்த நாளில் என்ன பொருளில் வழங்கியது என்று ஒருமுறை விசாரித்தல் நலம். நம் முன்னோர் சிலர் அங்கே படகோடு காத்துக்கொண்டிருக்கக்கூடும்.