தேக்கா சுவர்களில் கிளி ஜோசியர்

தேக்காவுக்குப் போனால் நம் கண் காய்கறியிலும் நகைக்கடையிலும்தான் இருக்கும். அடுத்த முறை பெலிலியோஸ் சாலைப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே கிளி ஜோசியர், பூமாலை கட்டுபவர், கச்சாங் பூத்தே வியாபாரி எல்லாரும் சுவரில் இருக்கிறார்கள்! 2016இல் இதை வரைந்தவர் ‘சைஃபூல்’ என்ற பெயரில் இயங்கும் ஓவியர். ஜனவரியில் நடக்கும் சிங்கப்பூர்க் கலை வாரத்தையொட்டி, லசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து நடத்திய ‘ஆர்ட்வாக் லிட்டில் இந்தியா’வில் உருவான ஓவியம் இது.

பெலிலியோஸ் என்பவரே கல்கத்தாவிலிருந்து வந்த கால்நடை வியாபாரி. பக்கத்திலுள்ள கெர்பாவ் சாலையின் பெயருக்கு மலாயில் எருமை என்று பொருள். வட்டாரம் முழுக்க மாட்டுத் தொழுவங்கள் இருந்த காலம் அது. அந்த நினைவைத்தான் யூனிஸ் லிம் தம் ‘கேட்டல்லேண்ட்’ ஓவியத்தில் மாடுகளாக வரைந்தார். (அதே சாலையில் எல்லாரும் படம் எடுக்கும் வண்ண வண்ண டான் டெங் நியா வீடு சுவரோவியம் அல்ல, 1900இல் கட்டிய வீடு.)

வெயிலும் மழையும் சாயத்தை விட்டுவைப்பதில்லை. கிளி ஜோசியம் பார்த்த தாத்தா பாட்டியை இப்போதே அழைத்துச் செல்லுங்கள். சீட்டு எடுக்கும் கிளிக்கு என்ன கூலி என்று பிள்ளைகள் கேட்டால் அவர்களால்தான் சொல்ல முடியும். படத்தை இன்ஸ்டகிராமில் போடும்போது ஓவியர் பெயரையும் எழுதுங்கள். பெரும்பாலும் சுவர் மூலையில் கையெழுத்து இருக்கும்.