இறங்காமல் தூக்க ஒரு முக்காலி

கோவண்டியில் 2019 டிசம்பர் 23ஆம் தேதி, குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூன்று தொழிலாளர்கள் விஷவாயுவால் மாண்டனர். அவர்களுடைய மனைவியருக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2021ல் பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இத்தகைய தொட்டிகளில் ஒருவர் மயங்கியதும், காப்பாற்ற இறங்குபவரும் பலியாவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. யாரும் இறங்காமல், மேலிருந்தே ஆளைத் தூக்குவதற்குத்தான் முக்காலியும் கப்பியும்.

முக்காலியின் கால்கள் உறுதியான தரையில் ஊன்றியிருக்க வேண்டும். விரிசல் கண்ட மூடியின் மேல் வைக்கலாகாது. கால்கள் சறுக்கி விரியாதபடி அடியில் சங்கிலியால் பிணைக்க வேண்டும். கப்பி, தொட்டி வாய்க்கு நேர் மேலே வரவேண்டும். தூரத்தில் நின்று கயிற்றைச் சாய்வாக இழுத்தால் முக்காலியே கவிழும். அதனால்தான் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சை அதன் காலிலேயே பொருத்துகிறார்கள்.

ஆனால், இறங்குபவர் உடலில் பட்டையும் கயிறும் முன்பே பூட்டப்படாவிட்டால் இத்தனையும் வீண். மயங்கிய பின் மேலிருந்து மாட்ட முடியாது. விஷவாயு இருக்கிறதா என்ற சோதனையும் முன்னதாகவே நடந்தாக வேண்டும்.

பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், முக்காலி எங்கே, பட்டை எங்கே என்று முதலில் கேளுங்கள்.